விமானம் நின்றுவிட்டது; ஊழியர் எங்கே இறங்குவது?

2023ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, வியாழக்கிழமை. பொழுது விடியும் வேளையில் ஓர் அறிக்கை வந்தது. மலேசியாவின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான மைஏர்லைன், கடுமையான பண நெருக்கடி காரணமாக அன்று முதல் மறு அறிவிப்பு வரும்வரை சேவையை நிறுத்திக்கொள்வதாக அதில் தெரிவித்திருந்தது. சிப்பாங் விமான நிலையத்திற்குப் பெட்டியும் கையுமாக வந்த பயணிகள் திகைத்து நின்றார்கள். அன்றைய தொலைக்காட்சிச் செய்திகளில் அவர்கள்தாம் தெரிந்தார்கள். டிக்கெட் வாங்கியிருந்தவர்கள் ஏறத்தாழ 125,000 பேர், அவர்கள் கட்டிய தொகை 2 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் என்று கணக்கும் வெளியானது.

அதே காலையில் சீருடை அணிந்து வேலைக்குப் புறப்பட்டவர்களும் இருந்தார்கள். விமானிகள், பணிப்பெண்கள், பொறியாளர்கள், முகப்பில் பயணிகளைப் பதிவு செய்வோர், அலுவலகக் குமாஸ்தாக்கள் என்று நூற்றுக்கணக்கானோர். பயணிக்குப் போனது ஒரு டிக்கெட். ஊழியருக்குப் போனது மாதச் சம்பளம். அதை நம்பியிருந்த வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம். ஆனால் செய்தியில் அவர்களுக்குக் கிடைத்தது கடைசிப் பத்திதான்.

ஒரு விமான நிறுவனம் ஒரே நாளில் எப்படி நின்றுபோகிறது? நின்றுபோனால் அதன் ஊழியருக்குச் சட்டப்படி என்ன உண்டு? அந்த உரிமை நடைமுறையில் எவ்வளவு தூரம் கைக்கு வருகிறது? இந்த மூன்று கேள்விகளும் விமானத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் உரியவை.

ஒரே தொழில், இரண்டு முடிவுகள்

மைஏர்லைன் நின்று இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில், ஜொகூர் நீரிணைக்கு அப்பால் இன்னொரு விமான நிறுவனம் மூடப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி ஜெட்ஸ்டார் ஏஷியா தன் முடிவை அறிவித்தது. 2004 டிசம்பரில் சாங்கியில் இருந்து பறக்கத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் சேவை செய்த நிறுவனம் அது. பொருள் வழங்குவோரும் விமான நிலையங்களும் வாங்கும் கட்டணங்கள் உயர்ந்ததும், இந்த வட்டாரத்தில் போட்டி கடுமையானதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சில செலவுகள் 200 விழுக்காடு வரை ஏறிவிட்டதாக அதன் பின்னால் இருந்த குவாண்டாஸ் குழுமம் தெரிவித்தது. வேலை இழந்தவர்கள் 500க்கும் மேற்பட்டோர்.

ஆனால் அங்கே கடைசி விமானம் பறந்த நாள் ஜூலை 31. அறிவிப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே ஐம்பது நாள் இருந்தது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு வாரச் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் பேச்சில் அமர்ந்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் விமானிகளுக்கும் விமானப் பணியாளர்களுக்கும் வேலை வாய்ப்புகளை முன்வைத்தது. வருத்தம் இருந்தது, கண்ணீர் இருந்தது. ஆனால் எந்தத் தேதியில் வேலை போகும், கையில் எவ்வளவு வரும் என்பது தெரிந்திருந்தது.

இரண்டு நிறுவனங்களும் பறக்கவிட்டது ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களைத்தான். இரண்டிலும் ஊழியர் செய்த வேலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு சாரார், "ஒன்று நல்ல முதலாளி, மற்றது கெட்ட முதலாளி" என்று முடித்துவிடுவார்கள். மறு சாரார், "ஆபத்து தெரிந்தும் ஊழியர்கள் ஏன் வேறு வேலை பார்த்துக்கொள்ளவில்லை?" என்று கேட்பார்கள். இரண்டு வாதங்களிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம் வேறு. முன்கூட்டியே சொல்லிவிட்டு மூடுவது என்பது பணம் உள்ளவர்களால் மட்டுமே முடிகிற காரியம்.

ஏன் இரவோடு இரவாக?

மளிகைக் கடை நட்டத்தில் ஓடினால் மெல்ல மெல்லச் சரக்கு குறையும், கடைசியில் கதவு சாத்தப்படும். விமான நிறுவனம் அப்படி முடிவதில்லை. அதற்குக் காரணம் அந்தத் தொழிலின் அமைப்பு.

முதலாவது, டிக்கெட் பணம். பயணி ஜூன் மாதப் பயணத்திற்கு ஜனவரியிலேயே பணம் கட்டுகிறார். நெருக்கடியில் உள்ள நிறுவனம் அந்தப் பணத்தை எடுத்து இன்றைய எண்ணெய்க்கும் சம்பளத்திற்கும் செலவழிக்கிறது. நாளைய பயணத்திற்கான செலவை நாளை மறுநாள் டிக்கெட் வாங்குபவர் கட்ட வேண்டும். "இன்னும் இரண்டு மாதத்தில் மூடப் போகிறோம்" என்று ஒரு சொல் வெளியே வந்தால் மறுநாளே டிக்கெட் விற்பனை நின்றுவிடும். கடன் அட்டைப் பணத்தைப் பெற்றுத் தரும் வங்கிகளும், பயணிகளுக்குத் திருப்பித் தர வேண்டி வருமோ என்ற அச்சத்தில் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மாதம் தாங்கியிருக்கக்கூடிய நிறுவனம் இரண்டே நாளில் படுத்துவிடும்.

இரண்டாவது, விமானங்கள் பெரும்பாலும் சொந்தம் அல்ல. மலிவுக் கட்டண நிறுவனங்களின் விமானங்களில் பல, குத்தகை நிறுவனங்களிடம் மாத வாடகைக்கு எடுத்தவை. வாடகை பாக்கி விழுந்தால் உரிமையாளர் விமானத்தைத் திரும்ப எடுத்துச் செல்லலாம். அதற்கு வழி செய்யும் கேப் டவுன் உடன்பாடு என்ற அனைத்துலக ஒப்பந்தத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்திருக்கின்றன. விமானம் போய்விட்டால் வருமானத்திற்கு வழி ஏது?

மூன்றாவது, எண்ணெய் நிறுவனமும் விமான நிலையமும். சந்தேகம் வந்துவிட்டால் எண்ணெய் விற்பவர் கடன் தர மாட்டார், ரொக்கம் கேட்பார். கட்டண பாக்கிக்காக வெளிநாட்டு விமான நிலையத்தில் விமானம் தடுத்து வைக்கப்பட்டால் பயணிகளும் பணியாளர்களும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் பல நிறுவனங்கள், விமானங்கள் எல்லாம் தரையில் இருக்கும் நள்ளிரவிலோ அதிகாலையிலோ நிறுத்தத்தை அறிவிக்கின்றன. 2017 அக்டோபர் 2ஆம் தேதி பிரிட்டனின் மோனார்க் நிறுவனமும், 2019 செப்டம்பர் 23ஆம் தேதி தாமஸ் குக் நிறுவனமும் அப்படித்தான் விடியும் முன்னே வீழ்ந்தன.

ஆகவே மேலாளர்கள் கடைசி நாள் வரை "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வதில் வியப்பில்லை. உண்மையைச் சொன்னால் நிறுவனம் அன்றைக்கே செத்துவிடும். சொல்லாவிட்டால் ஒருவேளை புதிய முதலீட்டாளர் வந்து காப்பாற்றலாம். இந்தச் சூதாட்டத்தில் பணயமாக வைக்கப்படுவது ஊழியரின் காலம். ஜெட்ஸ்டார் ஏஷியாவுக்கு ஐம்பது நாள் அறிவிப்புக் கொடுக்க முடிந்ததென்றால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவும் கடைசிச் சம்பளம் வரை கொடுக்கவும் பின்னால் ஒரு பெரிய குழுமம் நின்றது. அப்படி யாரும் நிற்காத இடத்தில், முன்னறிவிப்பு என்பதே இல்லாமல் போகிறது.

சட்டம் தருவது என்ன?

மலேசியாவில் வேலை நிறுத்தப்பட்டால் கிடைக்கும் இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்துள்ளன. இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். இந்தக் கணக்கு மலேசியத் தமிழர்களுக்குப் புதியதல்ல. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, பால்மரம் வெட்டி வாழ்ந்த பெற்றோரின் கையில் வைக்கப்பட்டது இதே கணக்கில் வந்த தொகைதான். அவர்களின் பிள்ளைகள் விமான நிலையத்தில் குளிர்சாதன அறையில் வேலை பார்க்கலாம். வேலை போகும் நாளில் அவர்களுக்கும் அதே 10, 15, 20தான்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். மாதம் 2,400 ரிங்கிட் சம்பளத்தில் மூன்று ஆண்டு வேலை செய்த முகப்புப் பணியாளருக்கு 45 நாள் சம்பளம் வரும். அது ஏறத்தாழ 3,550 ரிங்கிட். ஒன்றரை மாதச் செலவு.

இதற்கும் இரண்டு வேலிகள் உண்டு. ஒன்று, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். மற்றொன்று, மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 2023 ஜனவரி முதல் தொழிலாளர் சட்டத்தின் பெரும்பகுதி எல்லாச் சம்பளத்தாருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் இந்த இழப்பீட்டுக்கு 4,000 ரிங்கிட் வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் வாங்குபவர் தம் வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது மைஏர்லைனின் நாள்காட்டியைப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை தெரியும். அதன் முதல் சேவை தொடங்கிய நாள் 2022 டிசம்பர் 1. நின்ற நாள் 2023 அக்டோபர் 12. இடையே பத்து மாதமும் சில நாளும்தான். விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு வேலைக்குச் சேர்ந்த எவருக்கும் அன்றைக்கு 12 மாதம் நிறைந்திருக்க முடியாது. அவர்களுக்கு அந்த இழப்பீட்டு விதிமுறை ஏட்டில் இருந்தும் இல்லாத ஒன்றுதான்.

முன்னறிவிப்புக்கும் சட்டம் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதப்படாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு நான்கு வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைவாக என்றால் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். முன்னறிவிப்புத் தராவிட்டால் அத்தனை வாரச் சம்பளத்தை முதலாளி கொடுக்க வேண்டும். ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் படிவம் அனுப்பவும் வேண்டும். எல்லாம் சரி. ஆனால் பணமே தீர்ந்துபோன நிறுவனத்திடம் இவற்றை எப்படி வாங்குவது?

பந்தியில் முதல் இலை, பானையில் சோறு இல்லை

நிறுவனம் நீதிமன்றத்தின் வழி கலைக்கப்பட்டால், எஞ்சிய சொத்தைப் பிரிக்கும் வரிசையை 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் சொல்கிறது. கலைப்புச் செலவுகளுக்கு அடுத்தபடியாக ஊழியர் சம்பளம் வருகிறது. கலைப்புக்கு முந்திய நான்கு மாதச் சம்பளம், ஒருவருக்கு அதிகபட்சம் 15,000 ரிங்கிட் வரை. வரி கேட்கும் அரசாங்கத்திற்கும், பிணை இல்லாமல் கடன் கொடுத்த மற்றவர்களுக்கும் முன்னால் ஊழியருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் விமான நிறுவனத்தில் எஞ்சிய சொத்து என்ன? விமானம் குத்தகைக்காரருடையது. அலுவலகம் வாடகை. முகப்பு மேசை விமான நிலையத்திற்குச் சொந்தம். வங்கியில் பிணையாக வைத்த சொத்து இருந்தால் அதை வங்கி எடுத்துக்கொள்ளும். மீதி கணினிகள், நாற்காலிகள், சீருடைகள். பந்தியில் முதல் இலை போட்டு உட்கார வைத்தாலும் பானையில் சோறு இல்லையென்றால் பசி தீராது.

காலமும் சேர்ந்து கொல்லும். இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் இதற்குச் சான்று. 1993இல் பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கடைசி விமானம் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்தது. பல மாதச் சம்பள பாக்கியோடு ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். மீண்டும் பறக்கும் என்ற நம்பிக்கையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. சேமநிதி, பணிக்கொடை பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்று ஊழியர்களுக்குச் சாதகமான உத்தரவும் வந்தது. ஆனால் 2024 நவம்பர் 7ஆம் தேதி, நிறுவனத்தைக் கலைத்துவிடும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தரை ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு ஊழியர்கள் மீண்டும் ஒரு வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

பயணியின் நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். கடன் அட்டையில் டிக்கெட் வாங்கியவர், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஊழியர் ஏற்கெனவே கொடுத்துவிட்ட உழைப்பைத் திரும்பக் கேட்க எந்த வங்கியும் இல்லை. மலேசியாவில் விமானப் பயணிகளைப் பாதுகாக்கும் விதிகள் 2024 செப்டம்பரில் மேலும் கடுமையாக்கப்பட்டன. விமான ஊழியரின் சம்பளத்திற்கு அப்படித் தனியே ஒரு வேலி போடப்படவில்லை.

"நிறுத்தம்" வேறு, "மூடல்" வேறு

இதில் பலர் கவனிக்கத் தவறும் நுணுக்கம் ஒன்று உண்டு. "மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தம்" என்று நிறுவனம் சொன்னால், அது மூடப்பட்டதாக ஆகாது. ஊழியர் வேலை நீக்கம் செய்யப்பட்டதாகவும் ஆகாது. வேலை இருக்கிறது, ஆனால் வேலை இல்லை. சம்பளம் உண்டு, ஆனால் வரவில்லை. இந்தத் திரிசங்கு நிலையில்தான் பலர் தவறான முடிவெடுக்கிறார்கள்.

அவசரப்பட்டு, காரணம் எதுவும் எழுதாமல் "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று கடிதம் கொடுத்தால் அது தானாக விலகியதாகப் பதிவாகும். இழப்பீடும் போகும், காப்புறுதிப் பலனும் சிக்கலாகும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்கத் தவறுவது ஒப்பந்தத்தை முதலாளி மீறியதாகும். ஆகவே விலகுவதாக இருந்தால், எத்தனை மாதச் சம்பளம் வரவில்லை, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். கையெழுத்திடும் முன் தொழிலாளர் இலாகாவிலோ தொழிற்சங்கத்திலோ ஆலோசனை கேட்பது நல்லது. சம்பள பாக்கிப் புகாரைத் தொழிலாளர் இலாகாவில் கொடுக்கலாம். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு செய்ய வேண்டும். நாள் தவறினால் வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை.

மறுபக்கம், காத்திருப்பதற்கும் விலை உண்டு. விமானியின் திறமை பயன்படுத்தாவிட்டால் துருப்பிடிக்கும் என்று விமானத் துறையே கருதுகிறது. 90 நாளுக்குள் குறைந்தது மூன்று முறை விமானத்தை ஏற்றி இறக்கியிருக்காத விமானி, பயணிகளை ஏற்றிச் செல்லுமுன் அந்தத் தகுதியை மீண்டும் பெற வேண்டும். பயிற்சிக்காக வாங்கிய கடனோ மாதாமாதம் கழுத்தை நெரிக்கும். பணிப்பெண்கள் புதிய நிறுவனத்தில் சேர்ந்தால் பாதுகாப்புப் பயிற்சியைத் தொடக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் புதிய இடத்தில் பணி மூப்பு வரிசையின் அடியில்தான் இடம். "நிறுவனம் மீண்டும் எழும்" என்ற சொல்லை நம்பி ஆறு மாதம் உட்கார்ந்தவர், அதே ஆறு மாதத்தில் வேறு வேலை தேடியவரைவிடப் பின்தங்கிப் போகிறார்.

இன்னொரு கூட்டமும் உண்டு. விமானத்தைச் சுத்தம் செய்பவர்கள், பெட்டி ஏற்றுபவர்கள், உணவு கட்டுபவர்கள். பெரும்பாலும் குத்தகை நிறுவனங்களின் ஆட்கள். விமான நிறுவனம் மூடினால் அவர்களின் வேலை நேரமும் குறையும், வேலையும் போகும். "வேலை இழந்தோர்" என்று வெளியாகும் எண்ணிக்கையில் அவர்கள் இருப்பதில்லை.

நிறுவனத்திற்கு வெளியே இருக்கும் பாதுகாப்பு

அப்படியானால் ஊழியருக்கு உண்மையில் கைகொடுப்பது எது? நிறுவனம் விழும்போது கூடவே விழாத பணம். அது நிறுவனத்தின் பெட்டியில் இருக்கக் கூடாது. வெளியே, வேறொருவரின் பாதுகாப்பில் இருக்க வேண்டும்.

மலேசியாவில் அதற்கான முதல் வழி, சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம். 1997, 98 பொருளாதார நெருக்கடியில் ஆயிரக்கணக்கானோர் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு, வேலை இழப்போருக்கு ஒரு நிதி வேண்டும் என்று தொழிற்சங்கக் காங்கிரஸ் நெடுங்காலம் குரல் கொடுத்தது. முதலாளிகள் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. 2017இல் சட்டம் நிறைவேறி, 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. ஊழியர் தம் சம்பளத்தில் 0.2 விழுக்காடும் முதலாளி 0.2 விழுக்காடும் கட்டுகிறார்கள். 3,000 ரிங்கிட் சம்பளத்தில் ஊழியரின் பங்கு மாதம் ஏறத்தாழ 6 ரிங்கிட். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை.

வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு என்று உதவித்தொகை உண்டு. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது கட்டிய சந்தாவைப் பொறுத்தது. ஆறு மாதமும் முழுமையாகக் கிடைத்தால் 3,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு ஏறத்தாழ 8,100 ரிங்கிட் வரும். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பள வரம்பு 2024 அக்டோபரில் 6,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இங்கே முக்கியம், முந்திய நிறுவனங்களில் கட்டிய சந்தாவும் கணக்கில் சேரும். ஆகவே பத்து மாதமே பறந்த நிறுவனத்தின் ஊழியராக இருந்தாலும், அதற்கு முன் வேறு இடத்தில் சந்தா கட்டியவருக்கு வழி அடைபடாது. 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் கைவிட்ட இடத்தில் இந்தத் திட்டம் கைகொடுக்கிறது.

இரண்டாவது, ஊழியர் சேமநிதி. சம்பளத்தில் பிடித்த பணத்தையும் தன் பங்கையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது குற்றம். அந்தப் பாக்கிக்கு நிறுவனத்தோடு அதன் இயக்குநர்களும் சேர்ந்து பொறுப்பாவார்கள். நிறுவனம் காலியானாலும் இயக்குநரைத் துரத்த வழி இருக்கிறது.

சிங்கப்பூரில் நிலைமை சற்று வேறு. அங்கே ஆட்குறைப்பு இழப்பீடு சட்டத்தால் கட்டாயமாக்கப்படவில்லை. வேலை ஒப்பந்தத்தையும் தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தத்தையும் பொறுத்தது. ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை என்பது வழக்கம். ஆட்குறைப்பை ஊழியரிடம் சொன்ன ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், மாதம் 5,000 வெள்ளி வரை சம்பாதித்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. ஆனால் இது சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் இருக்கும் மலேசியரோ மற்ற வெளிநாட்டவரோ வேலையோடு தங்கும் உரிமையையும் இழக்கிறார். அவருக்குக் காலம் வாரக் கணக்கில்தான்.

வெள்ளம் வருமுன்

திடீரென்று மூடப்படும் நிறுவனம் உண்மையில் திடீரென்று நோயுறுவதில்லை. அறிகுறிகள் முன்பே தெரியும். சம்பளம் இரண்டு நாள், ஐந்து நாள் என்று தள்ளிப் போகும். சம்பளச் சீட்டில் சேமநிதி பிடித்ததாக இருக்கும், சேமநிதிக் கணக்கில் வந்திருக்காது. உதிரிப்பாகத்துக்காக ஒரு விமானம் வாரக்கணக்கில் ஓரமாக நிற்கும். பொருள் வழங்குவோர் ரொக்கம் கேட்பார்கள். நிதிப் பிரிவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள்.

இவற்றில் ஊழியர் தாமே சரிபார்க்கக்கூடியது ஒன்று உண்டு. சேமநிதிக் கணக்கைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். மாதத்தின் 15ஆம் தேதி கழிந்ததும் பணம் ஏறியிருக்கிறதா, சொக்சோ சந்தா போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு மாதம் தவறினால் கேட்க வேண்டும். இரண்டு மாதம் தவறினால் புகார் செய்ய வேண்டும். மூன்றாவது மாதம் வரை வாய்மூடி இருந்தால், அது முதலாளிக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பணி நேரப் பட்டியல், பயிற்சிச் சான்றிதழ்கள், பறந்த மணிக்கணக்குப் பதிவு ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் கணினி அமைப்பு ஒருநாள் காலையில் திறக்காமல் போனால், அதிலிருந்த சான்றுகளும் அதோடு போய்விடும்.

அடுத்தது தொழிற்சங்கம். 2015இல் மலேசிய விமான நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டபோது ஏறத்தாழ 6,000 பேர் வேலை இழந்தார்கள். அது பெரிய அடிதான். ஆனாலும் பேசுவதற்குச் சங்கங்கள் இருந்தன, வேறு வேலைக்குப் பயிற்றுவிக்க ஒரு மையம் அமைக்கப்பட்டது. ஜெட்ஸ்டார் ஏஷியாவின் ஐம்பது நாளில் சங்கங்கள் பேசியதும் அதே பாடத்தைச் சொல்கிறது. நிறுவனம் விழுந்த மறுநாள் சங்கம் அமைக்க முடியாது. அது நல்ல காலத்தில் நட வேண்டிய மரம்.

அரசாங்கத்தின் பங்கும் உண்டு. விமான நிறுவனத்திற்கு உரிமம் கொடுக்குமுன் அதன் பண பலம் பார்க்கப்படுகிறது. உரிமம் கொடுத்த பிறகும் பார்க்க வேண்டும் என்பதுதான் 2023 கற்றுக்கொடுத்த பாடம். 2025 ஆகஸ்டு முதல் மலேசியாவில் விமானப் பாதுகாப்பும் வணிகக் கண்காணிப்பும் ஒரே ஆணையத்தின் கீழ் வந்துள்ளன. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, சேமநிதியும் சொக்சோவும் மாதாமாதம் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்பது கடினமான காரியம் அல்ல. ஒரு நிறுவனத்தின் உடல்நிலையைக் காட்டும் நாடித் துடிப்பு அதுதான். சம்பள பாக்கிக்கு என்று ஒரு சிறு வைப்புத் தொகையை முன்கூட்டியே வாங்கி வைப்பதையும் யோசிக்கலாம்.

விமானத்தில் ஏறும் ஒவ்வொரு பயணிக்கும், புறப்படுமுன் பணிப்பெண் அவசரக் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுகிறார். ஆபத்து வந்த பிறகு காட்டினால் பயனில்லை என்பதால்தான் முன்பே காட்டுகிறார். பயணிகளுக்குத் தினமும் அந்தக் கதவைக் காட்டியவர்களுக்கு, அவர்களின் சொந்த வாழ்க்கையில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று 2023இன் அந்தக் காலையில் யாரும் காட்டியிருக்கவில்லை. சட்டத்தில் ஒன்று இருக்கிறது, காப்புறுதியில் ஒன்று இருக்கிறது, சங்கத்தில் ஒன்று இருக்கிறது. அடுத்த சம்பளச் சீட்டு கைக்கு வரும் நாளில், அதை மடித்து வைக்குமுன் சேமநிதிக் கணக்கையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்ல தொடக்கமாக இருக்கும்.